அமாவாசைக்கு அமாவாசை முளைக்கும் கண்ணாடி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் பெரும்பாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனைதான், கூட வரும். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. சசாரான் கடற்கரைக்குத் திரும்பும் பக்கம் வந்தால் மட்டும் சாலையோரத்தில் பலகைகள் தெரியும். மேலே நீல வானம், கீழே அதே வானம் தலைகீழாக, நடுவில் குடை பிடித்தபடி வரிசையாகத் துள்ளும் நாலு பேர். 'ஸ்கை மிரர்', அதாவது வானக் கண்ணாடி, என்று எழுதியிருக்கும்.

அந்தப் பலகை காட்டும் இடத்தில் கட்டடம் இல்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் மலாக்கா நீரிணையில் ஒரு மணல் திட்டு. மாதத்தில் பல நாள் அது தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும். மீதி நாளிலும் பகலில் இரண்டு மணி நேரம் போலத்தான் தலை காட்டும். ஞாயிற்றுக்கிழமைதானே என்று குடும்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் படகுத்துறையில் ஏமாந்து நிற்பது இதனால்தான். இந்த இடத்துக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. திதிதான் தெரியும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதன் கால அட்டவணை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

திட்டு புதிதல்ல, பெயர்தான் புதிது. கடல் நன்றாக வற்றும் நாளில் படகு தட்டிவிடாமல் ஒதுங்கிப் போகவேண்டிய இடம் என்று மீன்பிடிக்கிறவர்கள் அறிந்திருந்த மேடு அது. 2016, 2017 வாக்கில் கைப்பேசிப் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. அதன்பிறகு அந்த மேடே போய்ச் சேரும் இடமாகிவிட்டது. பொலிவியாவில் சலார் டி உயூனி என்ற உப்புப் பாலைவனம் இருக்கிறது. 3,600 மீட்டருக்கு மேல் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான பரப்பு. மழைக் காலத்தில் உப்பின்மேல் மெல்லிய நீர் தேங்கி வானத்தை அப்படியே காட்டும். சிலாங்கூர்த் திட்டுக்கு வாய்த்த பெயர் அந்த வகைப் படங்களை நினைவூட்டும் பெயர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே கண்ணாடியைப் போடுவது மழை, இங்கே கடலின் ஏற்ற வற்றம். அங்கே பருவம் பார்க்கவேண்டும், இங்கே நாளும் மணியும் பார்க்கவேண்டும்.

திதியை நல்ல நேரம் கெட்ட நேரக் கணக்கு என்று மட்டும் நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு கோண அளவு. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே விரியும் கோணத்தை 12 பாகைக்கு ஒன்றாகக் கூறு போட்டால் 30 திதிகள். அமாவாசை முடிகிற நொடியில் கோணம் 0, பௌர்ணமி முடிகிற நொடியில் 180. கடலை ஆட்டி வைப்பதும் இதே கோணம்தான். சூரியன் கடலை அசைக்கும் விசை நிலவின் விசையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டு விசையும் ஒன்றோடொன்று கூடும். ஏறினால் மிக உயரம் ஏறும், வற்றினால் மிக ஆழம் வற்றும். அட்டமியை ஒட்டிக் கோணம் 90 பாகையாக இருக்கும்போது ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடும். அன்றைக்குக் கடல் அரைகுறையாக ஏறி அரைகுறையாக இறங்கும்.

இதைத் தமிழ் எப்போதோ ஒரு சொல்லில் பிடித்து வைத்திருக்கிறது. 'உவா' என்றால் அமாவாசையும் உண்டு, பௌர்ணமியும் உண்டு. கறுத்தது காருவா, வெளுத்தது வெள்ளுவா. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நாளுக்கு ஒரே பெயர் ஏன் என்று கரையில் நின்று பார்த்தால் புரியும். கடலுக்கு அவை இரண்டும் ஒன்றுதான்.

கிள்ளான் துறைமுகம், கோலசிலாங்கூர் பக்கம் உவா நாளில் ஏற்ற மட்டத்துக்கும் வற்ற மட்டத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 4 மீட்டர். அட்டமி, நவமி, தசமி நாட்களில் அதில் பாதிகூட வராது. அந்த நாட்களின் தண்ணீரை மலாய் மீனவர்கள் 'ஆயர் மாத்தி' என்பார்கள், செத்த தண்ணீர். நம்மவர்கள் எதையும் தொடங்கக்கூடாது என்று தள்ளி வைக்கும் அட்டமி நவமிதான் திட்டுக்கும் ஆகாத நாள். அன்று அதற்கு மேல் படகு தாராளமாக ஓடும், மணல் தெரியாது.

படகு நடத்துகிறவர்கள் சீன மாதக் கணக்கில் முதல் நாள், 15-ஆம் நாள் என்று சொல்லுவார்கள். அமாவாசை, பௌர்ணமி என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாள் முன்பின்னாகச் சரியாக இருக்கும். இந்தியாவில் அச்சடித்த நாட்காட்டி இந்திய நேரத்தில் கணிக்கப்பட்டிருக்கும். மலேசிய நேரம் அதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. விரதத்துக்கு அந்த இரண்டரை மணி நேரம் முக்கியமாக இருக்கலாம், கடலுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம். பொதுவாக உவாவுக்கு நாலு நாள் முன்னும் நாலு நாள் பின்னும் படகு போகும்.

ஆனால் அந்த ஒன்பது நாளும் ஒரே தரம் அல்ல. இதைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை.

கடலுக்கு ஒரு மந்தம் உண்டு. சூரியனும் நிலவும் கோட்டில் நின்ற அன்றே அது உச்சத்துக்குப் போய்விடாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஆகப் பெரிய ஏற்றமும் வற்றமும் வரும். அதாவது மூன்றாம் பிறை மேற்கே கண்ணில் படுகிற நாளை ஒட்டித்தான் திட்டு ஆக அகலமாக வெளியே வரும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்துவிடலாமே என்றால், நடுவே காற்று வந்து நிற்கிறது. இந்தக் கரையில் உவா நாளின் வற்றம் நண்பகலை ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் அது சுமார் 40 முதல் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு காலை 10 மணியைத் தாண்டி வற்றம். மூன்றாம் பிறை நாளில் பிற்பகல் ஒன்றரை வாக்கில். காலையில் இந்த நீரிணை தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, பகல் தாண்டினதும் கடல் காற்று எழும்பிவிடும். இரண்டு விரல் ஆழத் தண்ணீரில்கூட அந்தக் காற்று சிற்றலை போட்டுவிடும். சிற்றலை வந்தால் கண்ணாடி உடைந்தது.

ஆகவே கண்ணாடிப் படம்தான் வேண்டும் என்றால் உவாவுக்கு முந்தைய இரண்டு நாள், உவா நாள், மறுநாள் பிரதமை, இந்த நாலு நாளுக்குள் பாருங்கள். மணல் கொஞ்சம் குறைவாகத் தெரியும், தண்ணீர் அமைதியாக இருக்கும். படத்தைவிட அந்தப் பரப்பில் நடக்கவேண்டும், சிப்பி நண்டு பார்க்கவேண்டும் என்கிறவர்களுக்குத் துவிதியை, திருதியை நல்லது. வருடத்தில் பார்த்தால் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் வரும் உவாக்களில்தான் கடல் அதிகம் வற்றும், ஏனென்றால் அப்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்கிறது. புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை இந்தக் கணக்கில் முன் வரிசை நாள்.

இதே கணக்கு கடலோரத் தோட்டங்களில் வேறு வடிவத்தில் நடந்துகொண்டிருக்கிறது. இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் காப்பி, ரப்பர், செம்பனை என்று பயிர் மாற்றி வந்தவை. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தெனாமாரான் தோட்டமும் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான், 1917-இல். கடலை ஒட்டிய நிலம் உவா நாளின் ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்வு. அதனால் கரையில் மண்ணணை போட்டிருப்பார்கள். தோட்டத்துத் தண்ணீர் வரிசைவாரியாகப் பாரிட் எனும் வடிகாலில் இறங்கி, பெரிய பாரிட்டில் சேர்ந்து, அணையின் அடியில் உள்ள 'பிந்து ஆயர்' எனும் தண்ணீர்க் கதவுக்கு வரும். கடல் ஏறும்போது கதவு மூடியிருக்கவேண்டும், இல்லையென்றால் உப்பு உள்ளே புகுந்து பனையின் வேரைக் கெடுத்துவிடும். கடல் வற்றும்போது திறக்கவேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் தேங்கி வேர் அழுகும். உவா நாளில் பெருமழையும் சேர்ந்துகொண்டால், காலை ஆறு மணி வாக்கில் ஏற்றம் உச்சத்தில் நிற்கும், கதவைத் திறக்க வழியிருக்காது, பாரிட் நிரம்பித் தொழிலாளர் லயத்து வாசல் வரை வரும். கடல் ஏறுவதைப் பயந்து பயந்து கணக்கு வைத்த ஊர் இது. அதே கணக்கின் மறுபாதி இப்போது பிழைப்பும் தருகிறது என்பதுதான் எனக்கு இந்த இடத்தில் பிடித்த விஷயம்.

ஆடி அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கும் இது பழக்கமான காட்சிதான். விடியும்போது போனால் தண்ணீர் காலடியிலேயே நிற்கும், தர்ப்பணம் முடித்துத் தலை முழுகலாம். நண்பகலில் போனால் கண்ணுக்கு எட்டும் வரை சேறு. கடல் எங்கோ போயிருக்கும். எங்கே போனது என்றால், திட்டின் விளிம்புக்கு.

கரையோரம் சேறு, நடுக்கடலில் மணல், இது எப்படி? இந்த நீரிணையின் மறுபக்கம் சுமத்ரா படுத்திருப்பதால் பெரிய அலை இங்கே வராது. ஆறுகள் கொண்டுவரும் மெல்லிய வண்டல் கரையோரத்தில் அலையில்லாத நீரில் அமர்ந்து சேறாகிறது, அதில் பாக்காவ் எனும் அலையாத்திக் காடு வளர்கிறது. தள்ளிப்போனால் நீரிணை நெடுக ஏறியும் இறங்கியும் ஓடும் நீரோட்டம் வேகமானது. மாவு போன்ற வண்டலை அது தங்க விடாது, கனமான மணலும் உடைந்த சிப்பியும் தங்கிக்கொள்ளும். அரிசியைப் புடைக்கும்போது தவிடு பறந்து மணி தங்குகிற மாதிரி. அதனால்தான் திட்டின்மேல் கால் புதையாது, ஆனால் சிப்பி குத்தும்.

காலில் என்ன போடுவது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சிலிப்பர் வேண்டாம். ஈர மணல் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், வார் அறுந்துபோகும். வெறுங்கால் அறவே கூடாது. பாதத்தை முழுதாக மூடும், கணுக்காலில் இறுக்கிக் கட்டிய, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய காலணிதான் சரி. ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி, கைப்பேசிக்கு நீர் புகாத பை. கரையிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறவேண்டும். பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் படும் பாடு கொஞ்சமல்ல. படகில் ஏறியதும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டு வாரை இழுத்துப் பூட்டுங்கள். தோளில் சும்மா மாட்டிக்கொண்டால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே கழன்று வந்துவிடும்.

படகு ஆழமான ஓரத்தில் நங்கூரம் போடும். முழங்கால் தண்ணீரில் இறங்கித் திட்டின் மேட்டுக்கு நடக்கவேண்டும். இதற்குப் பிறகு எல்லாம் நேரத்தின் கையில். கடல் சீராக ஏறி இறங்குவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நாலாவதில் 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1. இடைவெளி 4 மீட்டர் என்றால் வற்றம் முடிந்த முதல் மணி நேரத்தில் 33 செண்டிமீட்டர்தான் ஏறும், முழங்காலுக்குக் கீழே. இரண்டாவது மணியில் இன்னும் 67 செண்டிமீட்டர், இடுப்பு. மூன்றாவது மணியில் முழுதாக ஒரு மீட்டர். நிற்க இடமில்லை. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, ஒரு மணி நேரம் பின்பு ஏறிவிடவேண்டும் என்று படகுக்காரர்கள் விரட்டுவது இந்தக் கணக்கால்தான். அவர்கள் விசில் அடித்தால் இன்னும் ஒரே ஒரு படம் என்று நிற்காதீர்கள். கூடுதலாக ஒன்று: தண்ணீர் விளிம்பிலிருந்து ஒழுங்காக உங்களை நோக்கி வராது. பள்ளத்தை முதலில் நிரப்பும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்தே இருக்கும்போது உங்களுக்கும் படகுக்கும் நடுவே உள்ள தாழ்வில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருக்கும். இறங்கின உடனே திரும்பிப் பார்த்து, வந்த வழியில் எது பள்ளம் என்று மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மின்னல் பற்றி விட்டுவிட முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரிசை கட்டி வரும் புயல்மழை விடியற்காலையிலும் காலையிலும் இந்தக் கரையைத் தாக்கும். தட்டையான திட்டில் ஆக உயரமான பொருள் மனிதர்தான். மேற்கே அடிவானம் கறுத்தால், இடி காதில் விழுந்தால், மழை வரட்டும் பார்க்கலாம் என்று நிற்கவே கூடாது. அந்த மாதிரி நாளில் பயணத்தை ரத்து செய்யும் படகுக்காரர்மேல் கோபப்படாதீர்கள். அவரை நம்பி அடுத்த உவாவுக்கும் போகலாம்.

இனி கண்ணாடி. திட்டின் மேட்டில் வானம் தெரிவது காய்ந்த மணலில் அல்ல, நீர் முழுதாக வடியாமல் இரண்டு மூன்று விரல் ஆழம் நிற்கும் தாழ்வில். அங்கே போய் நேராகக் கீழே குனிந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மணலும் உங்கள் காலும்தான் தெரியும். செங்குத்தாகப் பார்க்கும்போது தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அந்த அளவு ஏறும். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்தால் நூற்றுக்கு ஆறு, 70-இல் பதின்மூன்று, 80-இல் முப்பத்தைந்து, 85 பாகையைத் தொட்டால் பாதிக்கு மேல். நின்றுகொண்டு எடுத்த படத்தில் சேற்றுத் தண்ணீரும், படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் வானமும் வருவதன் காரணம் இந்தக் கடைசி பத்துப் பதினைந்து பாகைதான். கேமராவின் கண் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கவேண்டும். கைப்பேசியில் கண் மேல் முனையில் இருப்பதால் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஒரு சாண் நான்கு விரல் ஆகிவிடும், அந்த வித்தியாசம் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் கழற்றுங்கள். தண்ணீரிலிருந்து திரும்பும் ஒளியை வெட்டுவதற்கென்றே செய்த பொருள் அது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி தெரியவில்லையே என்று தேடுகிறவர்கள் உண்டு.

நிற்கிற விதமும் முக்கியம். எல்லாரையும் சேர்த்து நெருக்கி நிற்க வைக்கும் கல்யாண வீட்டு வரிசை இங்கே எடுபடாது. நிழலுருவங்கள் ஒன்றோடொன்று கலந்து கறுப்பு மொத்தையாகிவிடும். ஆளுக்கு ஆள் கையை நீட்டினால் தொடாத தூரம், ஒரே கோடு. படம் எடுப்பவரிடமிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி. இடத்துக்கு வந்தபின் அசையாமல் பதினைந்து இருபது நொடி பொறுங்கள், கால் எழுப்பிய சிற்றலை ஓயட்டும். துள்ளிக் குதிக்கும் படத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், இரண்டாவது முறை குதிக்கும்போது தண்ணீர் கலங்கியிருக்கும். அடிவானக் கோடு படத்தின் நட்ட நடுவே. திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு ஒளி அளவைப் பூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வானம் வெளுத்துத் தாளாகிவிடும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். மெல்லிய மேகம் இருக்கும் நாளில் அந்தத் தொந்தரவு இல்லை, மேகமும் கண்ணாடியில் வந்து நிற்கும்.

உடைக்கு வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம் வேண்டாம், வானத்தோடு கரைந்துபோகும். மஞ்சள், சிவப்பு, இலைப்பச்சை எடுப்பாக இருக்கும். புடவை இங்கே அழகாகவே வரும். ஆனால் கொசுவத்தை ஏற்றிச் செருகி ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கடல் தண்ணீர் ஏறிய புடவையின் கனம் நடக்க விடாது. வேட்டியை மடித்துக் கட்டுவதற்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இணையத்தில் பார்க்கும் படங்களில் எது உண்மை, எது கணினியில் பாதியைக் கவிழ்த்து ஒட்டியது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உண்மையான பிம்பம் கீழேயிருந்து பார்க்கும் பார்வை. குடையின் உள்புறக் கம்பி நேரில் தெரிவதைவிடத் தண்ணீரில் கூடுதலாகத் தெரியவேண்டும். முகத்தின் பிம்பத்தில் தாடையின் அடிப்பக்கம் தெரியவேண்டும். தண்ணீர் வானம் மேல் வானத்தைவிட ஒரு படி மங்கலாக இருக்கவேண்டும். மேலும் கீழும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் அது வேலைப்பாடு. பார்த்துவிட்டு அதே மாதிரி கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.

திட்டு வெறும் படப்பிடிப்பு மேடையும் அல்ல. குனிந்து பார்த்தால் நத்தை இழுத்துப்போன கோடு, நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டை, வாயை மூடிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும் சிப்பி. இவற்றுக்கு அந்த இரண்டு மணி நேரம் உல்லாசம் அல்ல, மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம். வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் சாயங்காலத்துக்குள் நாறிவிடும். பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்து, குளித்து, ஜெராமிலோ பாசிர் பெனம்பாங்கிலோ சாப்பிட்டு முடிக்க மூன்று நாலு மணி ஆகிவிடும். மாலைக்குக் கோலசிலாங்கூர் ஊரில் உள்ள புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் சிலாங்கூர் சுல்தானிடமிருந்து பிடித்து, ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிமிடம் பறிகொடுத்த கோட்டைக் குன்று. உச்சியில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம். இன்றைக்குக் கூட்டம் ஏறுவது லோத்தோங் எனும் வெள்ளி நிறக் குரங்குகளைப் பார்க்க. குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் தாயின் மடியில் தொங்கும், சில மாதத்தில் நிறம் மாறிவிடும். இவை சாது. பையைப் பிடுங்குவது நீண்ட வாலுள்ள பழுப்புக் குரங்கு. இரண்டும் கலந்து நிற்பதால் வித்தியாசம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. லோத்தோங் இலை தின்னும் விலங்கு, அதன் வயிறு இலையை ஊறவைத்துச் செரிக்கும் அமைப்பு. ரொட்டியும் கடலையும் அதைக் கெடுக்கும். இதே குன்றிலிருந்துதான் ரமலான் நோன்புக்கும் ஹரி ராயா எனும் நோன்புப் பெருநாளுக்கும் பிறை பார்ப்பார்கள். கடல் அதிகம் வற்றும் நாளும் பிறை தேடும் நாளும் ஒட்டி ஒட்டி வருவதில் வியப்பில்லை, இரண்டையும் நடத்துவது ஒரே நிலா.

இரவுக்கு, மின்மினி பார்க்க, கம்போங் குவாந்தான், ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள். இங்கேதான் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. திட்டுக்கு இரண்டும் ஒன்று, மின்மினிக்கு அல்ல. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் அமாவாசையை ஒட்டித்தான் வரவேண்டும். பௌர்ணமி வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி பாதி கரைந்துவிடும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் அமர்ந்து மினுக்கும் இந்தப் பூச்சியின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், அரிசி மணி அளவு. ஆண்கள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, ஒரே தாளத்தில் மினுக்கும். மரம் முழுக்க ஒரே சமயத்தில் எரிந்து அணைவதைப் பார்க்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ஆனால் மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. இதன் புழுப் பருவம் மரத்தில் இல்லை, கரைக்குப் பின்னால் ஈர மண்ணில், நிப்பா, ரும்பியா எனும் சதுப்புநிலப் பனைகளின் நிழலில், சருகுக்கு அடியில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆற்றோரம் வரை வெட்டிச் செம்பனை நட்டு மருந்தடித்தால் மரம் நிற்கும், மின்மினி வராது. 2009-இல் மாநில அரசு கரையோர நிலத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்ததற்கு இதுவும் காரணம். கரையோரத்துப் பனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நடுவதால் தோட்டத்துக்குப் பெரிய இழப்பில்லை, ஆனால் அது நடக்காவிட்டால் இந்த ஆறு இருட்டாகிவிடும் என்பதை இங்கே வாழ்கிறவர்களே உரக்கச் சொல்லவேண்டும்.

ஏழே முக்கால், எட்டு மணிக்குப் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். துடுப்புப் போடும் சம்பான், நாலு பேருக்கு ஒன்று. மழை பெய்து ஓய்ந்த உடனே போவதைவிட அரை மணி பொறுத்துப் போவது மேல். பளிச் விளக்கு, டார்ச், கைப்பேசித் திரை மூன்றும் வேண்டாம். பூச்சிக்காக மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்காகவும்தான். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். இங்கே படம் எடுக்க முயலாதீர்கள். படம் பகலிலேயே எடுத்தாயிற்று.

ஒன்பதரைக்குக் காரை எடுக்கும்போது மாலை ஏற்றம் இறங்கிக்கொண்டிருக்கும். கடலோரத் தோட்டங்களில் தண்ணீர்க் கதவைத் தள்ளிக்கொண்டு பாரிட் வெளியே ஓடும். நள்ளிரவை ஒட்டித் திட்டு இன்னொரு முறை மேலே வரும், படகும் இல்லாமல், குடையும் இல்லாமல், நண்டுகளுக்கு மட்டும்.